ஓதம் ஏறிய பொதுச்சுவர்: செல்லூரில் இரண்டு வீடுகளுக்கு நடுவே பார்த்த வேலை

2025 பொங்கல் முடிந்த வாரம் மதுரை செல்லூரிலிருந்து ஒரு போன் வந்தது. "சார், எங்க பெட்ரூம் சுவரைப் பார்க்கணும். பக்கத்து வீட்டு பாத்ரூமை இடிக்கணும்னு எழுதி ஒரு ரிப்போர்ட் வேணும்." சுவரை நான் பார்ப்பதற்கு முன்பே முடிவு எழுதியாகிவிட்டது. அவர்மேல் தப்பில்லை. அந்தச் சுவரோடு ஐந்து வருடமாக மல்லுக்கட்டியிருக்கிறார், மூன்று முறை பணம் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம்.

மதுரையில் வீட்டுப் பழுது பார்க்கும் வேலையில் நான் இருக்கிறேன். ஓதம், அதாவது சுவரில் ஈரம் ஏறுகிறது, என்று கூப்பிட்டால் போவேன், ஆனால் அடுத்தவர் வீட்டுக்கு எதிராக அறிக்கை எழுதித் தரமாட்டேன். அதைப் போனிலேயே சொன்னேன். "சரி, வந்து பாருங்க" என்றார். இந்த வேலை முடிய ஏழு மாதம் ஆனது. இதே சண்டை பல தெருக்களில் நடப்பதால் முழுதாக எழுதி வைக்கிறேன். இரு வீட்டாரும் பெயர் இல்லாமல் எழுதச் சம்மதித்தார்கள்.

வீடும் சுவரும்

செல்லூரின் உள்தெரு ஒன்றில் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். ஒரு காலத்தில் ஒரே வீடு, 1988இல் கட்டியது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் இருந்த ஒன்பது அங்குலச் சுவர் பொதுச்சுவராக நின்றுவிட்டது. கிழக்குப் பாதியை 2003இல் கிரயம் வாங்கியவர்தான் போன் செய்தவர். பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பதால் தெருவில் எல்லோரும் 'டீச்சர்' என்றே கூப்பிடுகிறார்கள். வயதான அம்மாவோடு இருக்கிறார். மேற்குப் பாதியில் இருப்பவர் தறி ஓட்டும் குடும்பம். 2016இல் அவர் மாடி எடுத்தார். மாடியின் பாத்ரூம் சரியாகப் பொதுச்சுவருக்கு மேல் வந்தது. டீச்சர் வீடு இன்றும் தரைத்தளம் மட்டும்தான்.

ஓதம் 2019இல் தொடங்கியது. பக்கத்து பாத்ரூம் 2016இல் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் அங்கேதான் போகும்.

டீச்சர் முதலில் ஓதம் தாங்கும் பெயின்ட் அடித்தார், 9,500 ரூபாய். ஒரு மழைக்காலம் தாங்கியது, அப்புறம் பெயின்ட் தோல் உரிவதுபோல் உரிந்தது. 2021இல் பூச்சைக் கொத்திவிட்டு, கெமிக்கல் கலந்த சிமெண்டுப் பூச்சு போட்டார், 27,000. அதுவும் புடைத்துக்கொண்டு வந்தது. 2023இல் ஒரு கொத்தனார் சொன்னதைக் கேட்டு நான்கடி உயரத்துக்கு டைல் ஒட்டினார், 34,000. எட்டு மாதத்தில் டைலுக்கு மேலே, ஐந்தடி உயரத்தில், புதிதாக ஒரு ஓதக்கோடு வந்து நின்றது.

டைல் போட்டதும் ஓதம் ஏன் மேலே ஏறியது என்று தெரிந்துகொண்டால் இந்த வியாதியே பிடிபட்டுவிடும். செங்கலுக்குள் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அடியில் ஈரம் இருந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் தண்ணீரை மேலே இழுக்கும். இழுத்த ஈரம் சுவரின் முகத்தில் ஆவியாகிப் போகும். கீழிருந்து வருவதும் காற்றில் போவதும் எந்த உயரத்தில் சமமாகிறதோ அங்கே கோடு விழும். சாதாரணச் சுவரில் அது மூன்றடி, மூன்றரை அடிக்குள் நின்றுவிடும். டைலை ஒட்டினால் ஆவி போகும் வழி அடைபடுகிறது. போக வழியில்லாத ஈரம் வழி கிடைக்கிற உயரம்வரை ஏறுகிறது. டீச்சர் 34,000 கொடுத்து வாங்கியது இன்னும் இரண்டடி ஓதம்.

சண்டையும் கூடவே வளர்ந்தது. கவுன்சிலரிடம் போனார்கள். போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பேசினார்கள். 'பாத்ரூமை இடி' என்பது ஒரு கட்சி, 'என் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை' என்பது இன்னொரு கட்சி. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

மாதக் காலண்டர்

முதல் நாள் சுவரில் சாக்பீஸால் ஓரடிக் கட்டங்கள் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஈரமானியின் இரண்டு ஊசிகளை வைத்து எண்ணைக் குறித்தேன். உப்பு இருக்கும் சுவரில் அந்தக் கருவி ஈரத்தை மிகைப்படுத்திக் காட்டும். அதனால் எண்ணை நம்பாமல் எந்தக் கட்டம் எதைவிட அதிகம் என்பதை மட்டும் பார்ப்பது என் வழக்கம்.

எல்லாக் கட்டத்தையும் குறித்து முடித்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தரையிலிருந்து ஐந்தேகால் அடிவரை ஈரம். அதற்கு மேல் எட்டடி வரைக்கும் நல்ல காய்ந்த சுவர். மறுபடி மேலே, கூரையை ஒட்டி, பின்மூலையில் முறம் அளவுக்கு ஒரு கறை. மாடி பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கித்தான் கீழே நனைகிறது என்றால் நடுவில் மூன்றடி எப்படிக் காய்ந்து கிடக்கும்? இது ஒரு நோய் இல்லை, இரண்டு.

"எப்ப அதிகமாகும், எப்பக் குறையும்னு ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டேன். டீச்சர் சமையலறைக்குப் போய், மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரைக் கொண்டுவந்தார். 2024க்கானது. எண்ணெய்க் கை பட்டு ஓரம் பழுப்பேறியிருந்தது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலில் பொடிப்பொடியாக எழுத்துகள். பாலுக்கு ஒரு கோடு. கேஸ் வந்த நாளில் வட்டம். மாநகராட்சித் தண்ணீர் வந்த நாளில் 'த'. சில நாட்களில் 'ஈ'. அது என்ன என்று கேட்டேன். "அம்மா கீழ பாய் போட்டுப் படுக்கும். தரையோரம் ஈரமாயிருந்தா பாயை இழுத்துப் போடச் சொல்லும். அன்னைக்கு ஈரம்னு போட்டு வைப்பேன்." பக்கத்து வீட்டார்மேல் கேஸ் போட்டால் உதவும் என்று எழுதி வந்திருக்கிறார்.

இத்தனை வருட வேலையில் இவ்வளவு நல்ல தடயத்தை நான் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து எண்ணினோம். வடகிழக்குப் பருவமழை தொடங்காத ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். 62 நாளில் 'த' 20 முறை, 'ஈ' 23 முறை. அந்த 23இல் 19 முறை 'த'வும் 'ஈ'யும் ஒரே கட்டத்தில் இருந்தன. செப்டம்பரில் குழாய் வேலை என்று ஐந்து நாள் தண்ணீர் வரவில்லை. மூன்றாவது நாளிலிருந்து 'ஈ' இல்லை. தண்ணீர் வந்த அன்றைக்குத் திரும்பவும் 'ஈ'.

அக்டோபர் 25இல் கட்டம் நிரம்ப எழுத்து இருந்தது. அன்றைக்கு மதுரையில் ஒரே நாளில் 9.8 சென்டிமீட்டர் மழை கொட்டி, செல்லூர்ப் பக்கம் தெருக்களெல்லாம் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 'மழை. வாசல்வரை தண்ணி. மேல் மூலை கறுத்துப்போச்சு' என்று எழுதியிருந்தார். மேல் மூலையைப் பற்றி அந்தக் காலண்டரில் ஆறே இடத்தில்தான் குறிப்பு. ஆறும் மழை பெய்த நாளோ அதற்கு மறுநாளோதான்.

ஆக, கீழே இருப்பது குழாய்த் தண்ணீரின் தாளத்துக்கு வருகிறது, மேலே இருப்பது மழையின் தாளத்துக்கு வருகிறது. பாத்ரூம் தினமும் புழங்குகிற இடம், அதன் தாளம் இரண்டிலும் இல்லை. ஆனால் இதை அப்போதே டீச்சரிடம் நான் சொல்லவில்லை. காலண்டர் சந்தேகத்தைக் காட்டும், நிரூபிக்காது. அதுவும் ஒரு தரப்பு எழுதியது.

சோதனைக்கு முன் ஒரு தாள்

இந்த வேலையிலேயே முக்கியமான நாள் என்று நான் நினைப்பது கருவி எதையும் தொடாத அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். ஓதத் தகராறில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒருவர் ஆள் கூட்டிவந்து சோதனை போடுவார், முடிவு பிடிக்காத மற்றவர் 'அது உன் ஆள்' என்பார். அதனால் சோதனைக்கு முன்பே, எதை ஆதாரம் என்று இருவரும் ஏற்பார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்வேன். முடிவு தெரிவதற்கு முன் மனிதர்கள் நியாயமாகப் பேசுவார்கள், தெரிந்த பிறகு அது கஷ்டம்.

மேற்கு வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஏன் சார் என் பாத்ரூம்ல தண்ணி கட்டி நிறுத்தணும்? அது ஒழுகலைன்னு எனக்குத் தெரியும்." இருவரின் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் படித்தேன். செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், ஒருவருக்கு 'மேற்கே பொதுச்சுவர்' என்றும் மற்றவருக்கு 'கிழக்கே பொதுச்சுவர்' என்றும் தெளிவாக இருந்தது. பொதுச்சுவர் என்றால் இருவருக்கும் சொத்து, இருவருக்கும் பொறுப்பு. அதைக் கெடுக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் இருவர் சொத்தும் போகிறது. இதைச் சொல்லிவிட்டு, "உங்க பக்கத்துச் சுவரைப் பார்க்கலாமாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் ஹாலில் அந்தச் சுவரை ஒட்டி ஒரு இரும்புப் பீரோ. நான்கு பேர் சேர்ந்து நகர்த்தினோம். பீரோவின் பின்தகடு கீழே ஒரு சாண் உயரத்துக்குத் துருப்பிடித்துப் பொத்தலாகி இருந்தது. பின்னால் சுவர் மூன்றடிக்கு வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து நின்றது, விரல் வைத்தால் பூச்சு மாவாக உதிர்ந்தது. அவர் மனைவி உள்ளே கையை விட்டு அடித்தட்டிலிருந்த துணிக்கட்டை எடுத்தார். மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த பட்டுப்பாவாடை, ஓரமெல்லாம் பூஞ்சை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாசலில் நின்றிருந்த டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "உங்களுக்கும் இருக்காண்ணே?" இரண்டு வருடம் கழித்து அவர் அந்த வீட்டாரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

டைல் ஒட்டாத அவர் பக்கம் மூன்றடி, டைல் ஒட்டிய டீச்சர் பக்கம் ஐந்தேகால் அடி. ஒரே சுவர்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். பாத்ரூமில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் பார்ப்பது. இரு வீட்டுத் தண்ணீர்க் குழாய்களையும் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. மாடியில் இரு கட்டடமும் சேரும் இடத்தில் தண்ணீர் அடித்துப் பார்ப்பது. எல்லாம் இருவர் முன்னிலையில். யார் வீட்டுத் தண்ணீரோ அவர் செலவு, இருவருடையதும் என்றால் பாதிப்பாதி. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். "என் குழாயையுமா சார்?" என்று டீச்சர் கேட்டார். "ஆமாம்மா, இரண்டு வீடும்தான்" என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் போட்டார்.

ஒத்துவராமல் போயிருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கச் சொல்லியிருப்பேன். அங்கே கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாகி வாங்கும் தீர்வுக்கு சிவில் கோர்ட்டு டிக்ரியின் பலம் உண்டு. நேராக சிவில் வழக்குக்குப் போனவர்கள் சுவர் இடியும்வரை வாய்தா வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரின் வழி

பாத்ரூமின் தரைத் துவாரத்தைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, அதில் சொட்டுநீலம் கலந்தோம். சுவரோரம் பென்சிலில் கோடு. பக்கத்திலேயே ஒரு வாளியில் அதே போல் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டேன். வெயிலில் காற்றில் எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா. 48 மணி நேரம் கழித்து வாளியில் மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தது, பாத்ரூமிலும் அதே மூன்று. நீலம் எங்கும் கசியவில்லை. நீலத்தை மட்டும் நம்பியிருந்தால் போதாது, செங்கலும் மண்ணும் நிறத்தை வடிகட்டிவிடும். கோடுதான் சாட்சி. அவர் குழாயில் ஐந்து கிலோ அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விட்டோம், முள் அசையவில்லை.

அடுத்து டீச்சர் வீடு. தெருவிலிருந்து வரும் இணைப்புக் குழாய் இந்த வீட்டில் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பின்கட்டில் அடிபம்பும் தொட்டியும் இருக்கின்றன, முன்வாசலில் வால்வு இருக்கிறது, நடுவில் எங்கே? டீச்சரின் அம்மா பாயிலிருந்தபடியே சொன்னார்: "இந்த ரூம் வழியாத்தான் போகுது தம்பி. வாங்குறப்ப அந்த வீட்டம்மா சொல்லுச்சு." 1988இல் போட்ட இரும்புக் குழாய், படுக்கையறைத் தரைக்கு அடியில், பொதுச்சுவரை ஒட்டியே போகிறது.

தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து விடியற்காலை ஐந்து மணிக்குப் போனேன். வீட்டில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். ஒரு நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை காதெலும்பில் வைத்து, ஓரடிக்கு ஓரடி நகர்த்திக்கொண்டே வந்தேன். கதவுப் பக்கம் ஒன்றும் இல்லை. கட்டில் தலைமாட்டுக்குக் கீழே வந்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று மெலிதாக ஒரு சீறல், குக்கர் அடங்கும்போது வருமே அந்தச் சத்தம். மேற்கு வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அப்புறம் டீச்சர் கேட்டார். கம்பியைக் காதில் வைத்தபடி அவர் முகம் மாறியதை மறக்க முடியாது.

இருந்தாலும் தாளில் எழுதியபடி அழுத்தமும் ஏற்றினோம். மூன்று கிலோவுக்கு ஏற்றிய முள் நான்கு நிமிடத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியது. சத்தம் கேட்ட இடத்தில் தரையை ஓரடிக்கு ஓரடி வெட்டினோம். குழாயின் அடிவயிற்றில் துரு தின்று மிளகு அளவில் இரண்டு ஓட்டைகள். தண்ணீர் வரும்போது மட்டும் அழுத்தத்தில் பீய்ச்சும், நின்றால் நின்றுவிடும். குழியில் ஊறிய தண்ணீரின் கரைந்த உப்பு லிட்டருக்கு 340 மில்லிகிராம். வீட்டு போர்வெல் தண்ணீரில் 1,900, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் 260. கண்டிப்பாக நிலத்தடி நீர் இல்லை.

இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. இணைப்புக் குழாயில் ஓட்டை இருந்தால், அழுத்தம் இல்லாத நேரத்தில் அடிபம்பு அடிக்கும்போது வெளியே இருக்கும் சேற்றுத் தண்ணீரை அது உள்ளே இழுக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம், அது சட்டப்படியும் தவறு. "முதல் இரண்டு குடம் கலங்கலாத்தான் வரும், கீழ ஊத்திடுவோம்" என்றார் டீச்சர். ஓதத்தைவிட அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டியிருந்தது.

டீச்சர் அதிகம் பேசவில்லை. மேற்கு வீட்டுக்காரர் அந்த நேரத்தில் 'பார்த்தீங்களா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். அவர் குழிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "இது அந்தக் காலத்துல அப்பா போட்டது. எங்க வீட்டுக் குழாயும் இப்படித்தான் போயிருக்கும், 2016ல மாத்தினேன்" என்றார். பாகப்பிரிவினைக்கு முன் போட்ட குழாய், இருவரும் போட்டதில்லை.

மேல் மூலைக்கான சோதனை அன்று மதியம். டீச்சர் வீட்டு மொட்டைமாடித் தளத்தில் முதலில் தண்ணீர் விட்டோம், ஒரு மணி நேரம், ஒன்றும் இல்லை. அடுத்து மேற்கு வீட்டு மாடிச் சுவர் டீச்சரின் தளத்தில் வந்து சேரும் மூட்டில் விட்டோம். மூன்று மணி நேரத்தில் உள்ளே முறக்கறை கறுத்தது. எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் நனைத்துப் பார்க்க வேண்டும். மேலே முதலில் விட்டால் எது வழி என்று தெரியாமல் எல்லாம் நனைந்துவிடும். அந்த மூட்டில் மயிரிழைக்குச் சற்றுப் பெரிய விரிசல், பத்தடி நீளத்துக்கு. போதாதற்கு, மேற்கு வீட்டு மேல்தளத்தின் மழைக்குழாய் சரியாக அந்த இடத்துக்கு மேலே வாய் பிளந்து நின்றது. அவருடைய மழைத்தண்ணீர் முழுவதும் டீச்சர் மாடியில் விழுகிறது.

"மழைத்தண்ணி விழத்தானே சார் செய்யும்?" என்றார் அவர். தன் கூரைத் தண்ணீரை அடுத்தவர் இடத்தில் விடுவது தானாக வரும் உரிமை இல்லை. 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி, தடையில்லாமல் உரிமையோடு இருபது வருடம் விட்டு வந்திருந்தால்தான் அப்படி ஒன்றைக் கோரவே முடியும். மாடி வந்தது 2016. சொன்னதும் புரிந்துகொண்டார். தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அவர் வீட்டிலும் குழி இருந்தது, ஆனால் மண் மூடிக் கிடந்தது. குழாயைத் திருப்பி, கீழே இறக்கி, குழியைத் தூர்வாரி அதில் விட்டோம்.

காயவிடும் காலம்

படுக்கையறைக் குழாயைக் கைவிட்டு, வாசல் வால்விலிருந்து பக்கவாட்டு நடை வழியாகத் தரைக்கு மேலே, கண்ணில் படும்படி புதுக்குழாய் ஓட்டினோம். தெருவைத் தோண்ட வேண்டியிருந்தால் மாநகராட்சி அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டிருக்கும், இங்கே இல்லை. மாடி மூட்டில் காடி வெட்டி, வலை வைத்து, பாலிமர் கலவையால் வளைத்துப் பூசினோம்.

இதற்கு நடுவில் ஒரு ஆள் வந்து சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்றினால் ஓதமே வராது என்று டீச்சரிடம் 45,000 கேட்டிருக்கிறார். உண்மையில் அந்தச் சுவரில் ஈரத்தடுப்பு அடுக்கு இல்லைதான். பேஸ்மட்டத்தில் ஒரு செங்கலை எடுத்துப் பார்த்தபோது டி.பி.சி. எனப்படும் அந்த அடுக்கைப் போடவே இல்லை என்று தெரிந்தது. ஆனால் 1988இலிருந்து 2019வரை முப்பத்தொரு வருடம் அது இல்லாமலே சுவர் காய்ந்து நின்றிருக்கிறது. அடிமண் காய்ந்திருந்ததால் இழுக்க அங்கே ஈரம் இல்லை. ஈரத்தின் மூலத்தை நிறுத்திய பிறகு அந்தச் செலவு எதற்கு? வேண்டாம் என்றேன்.

டைலையும் இரண்டு வீட்டுப் பூச்சையும் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரியும்படி விட்டோம். "எப்ப சார் பூசலாம்?" "ஒரு அங்குலத்துக்கு ஒரு மாசம்னு ஒரு கணக்கு இருக்கும்மா. இரண்டு பக்கமும் காயுது, கோடையும் வருது. ஜூன்ல பார்க்கலாம்." பழுது வேலையில் யாரும் கேட்க விரும்பாத பதில் இது. பூச்சு வேலைதான் கண்ணுக்குத் தெரியும், காயவைப்பது தெரியாது. அதனால் பாதிப் பேர் ஈரச் சுவரிலேயே பூசி, அடுத்த வருடம் திரும்ப உடைக்கிறார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் ராத்திரி ஒன்பதரைக்கு டீச்சர் கூப்பிட்டார். குரல் நடுங்கியது. "சார், முன்னைவிட அதிகமா உப்பு வந்திருக்கு. குழாய் மாத்தி ஒரு மாசம் ஆச்சு. வேற எங்கேயோ ஒழுகுது. அவங்க வீடுதான்."

மறுநாள் காலையிலேயே போனேன். செங்கல் முழுக்கப் பஞ்சு ஒட்டியதுபோல் உப்பு. ஆனால் ஈரமானி ஒவ்வொரு கட்டத்திலும் இறங்கியிருந்தது. சுவர் காயும்போதுதான் உப்பு வெளியே வரும். இத்தனை வருடம் செங்கலுக்குள் கரைந்து கிடந்தது, தண்ணீர் ஆவியானதும் படிகமாகி முகத்தில் நிற்கிறது. பூச்சுக்கு அடியில் இதே படிகம் வளர்ந்துதான் பூச்சை வெளியே தள்ளியது. இப்போது தள்ள எதுவும் இல்லை, அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. வியர்வை உலர்ந்த சட்டையில் உப்புக்கோடு தெரிவதுபோல. "நனைச்சுத் துடைச்சிடாதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ள போயிரும். காய்ந்த பிரஷால தேய்ச்சு, முறத்துல வாங்கி, அளந்து எழுதுங்க" என்றேன்.

அவர் எழுதினார், 2025 காலண்டரில். ஞாயிறுதோறும் தேய்த்து, சமையல் கரண்டியால் அளந்து. மார்ச்சில் 14 கரண்டி, அடுத்த வாரம் 17, அப்புறம் 11, 12, 6. ஏப்ரல் கடைசியில் இரண்டு. மேற்கு வீட்டிலும் அதே ஞாயிறு தேய்த்தார்கள். எண்ணிக்கையை மாடியில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பேச்சு தொடங்க அது ஒரு சாக்காகவும் இருந்தது.

மே 12ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கினார். செல்லூரில் ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு என்றால் சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கும். "பச்சைச் செங்கலோட வீடு கெடக்கு, வர்றவங்க என்ன நினைப்பாங்க, ஒரு பூச்சு மட்டும் பூசிருங்க சார்" என்று டீச்சர் கெஞ்சினார். அப்போது கீழ் இரண்டு வரிசைக் கட்டங்கள் இன்னும் காயவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் மறுத்தேன். ஒரு பழைய சேலையைத் திரைபோல் சுவருக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொன்னேன். காற்று போகும், கண்ணுக்கும் தெரியாது. திருவிழாவுக்கு வந்த சித்தப்பா ஒருவர் சேலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, டைல் ஒட்டச் சொன்னாராம்.

ஜூன் மூன்றாவது வாரம் எல்லாக் கட்டமும் காய்ந்த நடுச்சுவரின் எண்ணுக்கு வந்தன. சிமெண்டு ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு கலந்து பூசினோம். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் சுவர் மூச்சு விட்டுக்கொள்ளும். பூச்சு செட்டான பிறகு வெள்ளையடித்தோம், பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செலவுக் கணக்கு: புதுக்குழாய் 11,800, முழுவதும் டீச்சர். மாடி மூட்டு 6,400, பாதிப்பாதி. மழைக்குழாய் திருப்பியதும் குழி தூர்வாரியதும் 2,300, மேற்கு வீட்டார். இரண்டு பக்கப் பூச்சு 14,900. தாளில் எழுதியபடி பார்த்தால் கீழ்ச்சுவர் பூச்சு இரண்டு பக்கமும் டீச்சர் கணக்கில் வர வேண்டும், அவரும் பணத்தை எடுத்து வைத்தார். மேற்கு வீட்டுக்காரர் தன் பக்கத்துக்குத் தானே கொடுத்தார். மொத்தம் 35,400. முன்பு மூன்று முறை செய்த வேலைக்கு ஆனது 70,500.

முன்வாசல் மூலை

ஆகஸ்டில் கடைசியாகப் போய்ப் பார்த்தேன். பொதுச்சுவர் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது. பீரோ திரும்பவும் அதே இடத்தில், ஆனால் சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விட்டு. மேல் மூலைக்கு இன்னும் ஒரு பெரிய மழை வரவில்லை, ஐப்பசி வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சரியாகாத ஒன்று இருக்கிறது. டீச்சர் வீட்டு முன் ஹாலில், வாசல் பக்க மூலையில், முழங்கால் உயரத்துக்கு ஓதம் தங்கியிருக்கிறது. இதற்குக் குழாயும் காரணமில்லை, பக்கத்து வீடும் காரணமில்லை. இந்த வீட்டுக்கு ஒரு காலத்தில் மூன்று படி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வந்ததில் இரண்டு படி தெருவுக்குள் போய்விட்டது. இப்போது ஒரே படி, அதுவும் நான்கு விரல் உயரம். பேஸ்மட்டத்தின் பெரும்பகுதி தெருவுக்குக் கீழே போய்விட்டது, மழை பெய்தால் தெருத்தண்ணீர் சுவரோடு நிற்கிறது. பழைய சாலையின் மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக்கூடாது என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு அனுப்பினார். அதற்கு முன்பே ஏறிவிட்ட தெருக்களை யார் இறக்குவது?

வாசலோரம் சரிவு கொடுத்து ஒரு சிறு வாய்க்கால் எடுத்து, தண்ணீர் சுவரைத் தொடாமல் ஓடும்படி இப்போதைக்குச் செய்திருக்கிறோம். அடுத்த முறை இந்தத் தெருவுக்கு ரோடு போடும்போது சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று மனு எழுதியாகிவிட்டது. இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். படிகள் புதைந்த அளவை அங்குலக் கணக்கில் நான் அளந்து கொடுத்தேன். மற்ற வீடுகளில் கையெழுத்து வாங்க மேற்கு வீட்டுக்காரரின் மனைவியும் டீச்சரும் சேர்ந்து போயிருக்கிறார்கள். நான் கிளம்பும்போது பதினொரு கையெழுத்து சேர்ந்திருந்தது, தெருவில் இன்னும் ஒன்பது வீடு பாக்கி.